மூணு தண்ணி பார்த்த உப்பு

அந்த உப்பு ஆலையில் மேனேஜருக்கு ‘நாக்கு’ என்று பெயர். வைத்தவர்கள் மூட்டை தைக்கும் பெண்கள். சரக்கு வாங்க யார் வந்தாலும், மனுஷன் மேஜைமேல் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒரு படிகத்தை எடுத்து, வந்தவர் கண்ணெதிரே நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்குவார். “நான் வாயில வைக்காத சரக்க நான் விக்கறதில்ல சார்” என்பார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. நக்கிய படிகத்தைத் திரும்பவும் அதே கிண்ணத்தில் போட்டுவிடுவார். அந்தக் கிண்ணத்தை வாரம் ஒருமுறை கழுவி, விற்பனைக்குப் போகும் சரக்கிலிருந்து புதுப் படிகம் பொறுக்கிப் போடுவது லென்ஸக்காவின் வேலைகளில் ஒன்று. பத்தொன்பது வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுவினாள்.

உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை. அமிலத்தையும் சோடாவையும் சேர்த்துக் காய்ச்சி எடுக்கும் பாஸ்பேட் உப்பு. பால் பவுடர் செய்கிறவர்கள் பால் திரிந்துவிடாமல் இருக்க அதில் துளியூண்டு சேர்ப்பார்கள். அந்தப் பவுடரைக் கரைத்துக் குடிப்பது பெரும்பாலும் பல் முளைக்காத பிள்ளைகள். ஆலையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மூட்டை, டன், லாரி, இவ்வளவுதான் பேச்சு.

லென்ஸக்காவுக்கு லென்ஸக்கா என்று பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். சாப்பிடும்போதும் தொங்கும். தொட்டியில் விளைந்த படிகத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகம் தெளிவாக இருக்கிறதா, ஓரம் கூராக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு இரண்டு இரும்புக் கை உள்ள கோணமானியை வைத்து முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள கோணத்தை அளப்பாள். எண் சரியாக வந்தால் தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் லாரி கிளம்பும். நல்ல கையெழுத்து. அச்சடித்தது போல, கோடு தாண்டாது, நடுங்காது.

படிகத்தில் குறை தெரிந்தால் என்ன செய்வது? அதற்கு அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. மூணு தண்ணி. சரக்கு முழுவதையும் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, மறுபடி விளைய வைப்பது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அழுக்கு எல்லாம் தண்ணீரோடு போய்விடும், படிகத்தில் சுத்தம் மட்டும்தான் தங்கும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. “மூணு தண்ணி பாத்த சரக்கு, கேள்வி கேக்காத” என்பார்கள். கேள்வி கேட்கவே கூடாது என்று ஒரு விஷயத்தை நம்புகிறவர்களைக் கண்டால் ஒருவருக்குச் சந்தேகம் வர வேண்டுமா இல்லையா? யாருக்கும் வரவில்லை. லென்ஸக்காவுக்கும் வரவில்லை.

அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கல்லூரியின் கல் அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கண்ணாடி அலமாரிகளில் கனிமங்களை அடுக்கி வைப்பதும், தூசி தட்டுவதும், சீட்டு எழுதி ஒட்டுவதும் வேலை. ஒருநாள் தூசி தட்டும் மும்முரத்தில் இரண்டு கல்லைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டாள். இரண்டும் மஞ்சள். இரண்டும் ஆறு பட்டை. இரண்டும் குட்டைப் பீப்பாய் மாதிரி நடுவில் கொஞ்சம் உப்பியிருந்தன. எது எந்தப் பெட்டியில் இருந்தது என்று மறந்துபோனது. கோணத்தை அளந்து பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. கல் அறைப் பொறுப்பில் இருந்த மேடம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கல்லிலிருந்தும் பொடி சுரண்டி, கரித்துண்டின் மேல் வைத்து, ஊதுகுழலால் நெருப்பை ஊதிக் காட்டினாள். ஒன்றிலிருந்து ஒரு வாசனையும் இல்லை. மற்றதிலிருந்து குப்பென்று பூண்டு நாற்றம்.

“இது பாஸ்பேட். அது ஆர்சனேட், பாஷாணம். உள்ள ஒக்காந்திருக்கிறது வேற வேற ஆளு, ஆனா வீடு ஒரே வீடு” என்றாள் மேடம். பூண்டு நாறிய கல்லுக்கு வைத்த பெயருக்கே கிரேக்க மொழியில் ‘இன்னொருத்தன் மாதிரி நடிக்கிறவன்’ என்று அர்த்தமாம். லென்ஸக்கா சீட்டை ஒட்டிவிட்டு அதை அன்றே மறந்துபோனாள். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், கல் அறையை விட்டுச் சம்பளம் அதிகம் என்று ஆலைக்கு வந்தாள். மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போனாள். லென்ஸக்காவுக்கு வேலை முடிய இன்னும் பதினாலு மாதம்.

வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ரிடையர் ஆன பிறகும் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்குக் கணக்கில் ஏதாவது அழகாகத் தெரிந்துவிட்டால், கேட்க ஆள் வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டுத் தாளில் இரண்டு கட்டம் போட்டார்.

“இங்க பாரும்மா. இரட்டைப்படையும் இரட்டைப்படையும் கூட்டினா இரட்டை. ஒத்தைப்படையும் ஒத்தைப்படையும் கூட்டினாலும் இரட்டை. ஒண்ணு இரட்டை ஒண்ணு ஒத்தைன்னா, ஒத்தை. சரியா?”

“சரி.”

“இப்ப இந்தக் கட்டம். பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் பெருக்கினா பிளஸ். மைனஸையும் மைனஸையும் பெருக்கினாலும் பிளஸ். ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ்னா, மைனஸ். ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு.”

பார்த்தாள். இரட்டை இருந்த இடத்தில் எல்லாம் பிளஸ். ஒற்றை இருந்த இடத்தில் எல்லாம் மைனஸ்.

“கூட்டறது வேற, பெருக்கறது வேற. எண்ணு வேற, குறி வேற. ஆனா பேரைத் தூக்கிட்டா ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கு ஐசோமார்பிசம்னு பேரு. கணக்குல நாங்க ரெண்டையும் ரெண்டா மதிக்கவே மாட்டோம்” என்றார் வாத்தியார். முகமெல்லாம் பல்.

லென்ஸக்கா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் ‘பேரைத் தூக்கிட்டா ரெண்டும் ஒண்ணு’ என்பது அவள் கூடவே குழாயடிக்கு வந்தது. தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தவளுக்கு அந்த இரண்டு மஞ்சள் கல்லும் ஞாபகம் வந்தன. அடுத்து, மூன்று மாதத்துக்கு முன் ஆலைக்குப் புதிதாக வந்த அமில டிரம்கள் ஞாபகம் வந்தன. விலை மலிவு என்று நாக்கு எங்கிருந்தோ பிடித்து வந்த சரக்கு. முதல் தடவை காய்ச்சியபோது தொட்டியில் மஞ்சளாக நுரை படிந்தது. “சார், இத வெளிய குடுத்து ஒரு தடவ சோதிச்சுடலாமே” என்று அவளே கேட்டாள். “மூணு தண்ணி விடுங்க, எல்லாம் போயிடும்” என்றார் அவர். அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த அமிலத்தில் செய்த சரக்கு இரண்டு லோடு போயாகிவிட்டது. மூன்றாவது லோடு மூட்டை கட்டி நிற்கிறது.

மறுநாள் காலை ஆலைக்குப் போனதும் லென்ஸைக் கையில் எடுக்கவில்லை. கொதிகலன் பக்கம் போய் ஒரு கரித்துண்டு பொறுக்கி வந்தாள். மூன்றாவது லோடிலிருந்து ஒரு படிகத்தை எடுத்துப் பொடித்து, சோடா கொஞ்சம் சேர்த்து, கரியில் குழி செய்து வைத்தாள். ஊதுகுழல் இல்லை. ரீஃபிலைக் கழற்றிய ஒரு பேனாக் குழாயால் விளக்குச் சுடரை அதன்மேல் ஊதினாள். ஐந்து ஊது ஊதியிருப்பாள். லேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், பூண்டு.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். வாசனைக்காக இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் அளந்த கோணம் ஒவ்வொன்றும் வாய்க்குள் திரும்பி வந்தது போல இருந்தது. பாஸ்பேட்டின் வீட்டில் ஆர்சனிக் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதே அளவு ஆள், ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள அதே நாலு கை. சுவருக்கு வித்தியாசம் தெரியாது, கோணத்துக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியாது. மூணு தண்ணி விட்டால் உட்கார இடம் இல்லாத அழுக்குத்தான் தண்ணீரோடு போகும். இடம் கிடைத்தவன் ஒவ்வொரு தடவையும் கூடவே கரைந்து, கூடவே எழுந்து, மறுபடி அதே நாற்காலியில் உட்காருவான். கழுவக் கழுவ அவன்தான் பளபளப்பான். சீ, இதைத்தானா இத்தனை நாள் சுத்தம் என்றோம்?

சந்தேகம் இருக்கக்கூடாது என்று, பழைய அமிலத்தில் செய்து சீசாவில் மூடி வைத்திருந்த மாதிரிச் சரக்கையும் கரியில் வைத்து ஊதினாள். வாசனை இல்லை. மறுபடி புதியது. பூண்டு. நாக்கின் அறைக்குப் போனாள்.

அவர் காதில் போட்டுக்கொண்டார். அதுதான் ஆச்சரியம். கத்தவில்லை, மறுக்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு ஒரு ஃபைலைப் புரட்டினார்.

“எவ்வளவு இருக்கும்?”

“அளக்க நம்மகிட்ட எதுவும் இல்ல சார். மூக்குக்கே தெரியுதுன்னா நெறைய இருக்கு.”

“பவுடர்ல துளிதானம்மா போடறாங்க.”

“குடிக்கறது கைக்குழந்த சார். தெனமும் குடிக்கும்.”

நாக்கு கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு அந்தப் பால் பவுடர்க்காரம்மா வர்றாங்க. ஒரு வருஷத்துக்கு ஆர்டர். நீங்க வழக்கம்போல கோணத்தப் பாருங்க. கோணம் சரியா இருக்கில்ல?”

“கோணம் சரியாத்தான் இருக்கு.”

“அப்பறம் என்ன? ஒங்க வேல கோணம் பாக்கறது. பூண்டு மோந்து பாக்கறது யார் வேலையும் இல்ல. கையெழுத்துப் போட மனசு வரலன்னா சொல்லுங்க, ஸ்டோர் கிளார்க்குக்கு ஒரு வெள்ளக் கோட்ட மாட்டி அந்த நாற்காலியில ஒக்கார வெச்சா அவரும் போடுவாரு.” கொஞ்சம் நிறுத்தி, வேறு ஏதோ சில்லறை வேலை சொல்வதுபோல, “அப்பறம்... இந்தக் கிண்ணத்துல நாளைக்கு மட்டும் அந்தப் பழைய சீசாலேர்ந்து நாலு படிகம் போட்டு வையுங்க” என்றார்.

லென்ஸக்காவுக்கு அதுவரை இருந்தது பயம். அந்த வார்த்தையைக் கேட்டதும் பயம் போய் அருவருப்பு மட்டும் மிஞ்சியது. ஊர்ப் பிள்ளைகள் வாயில் போனால் பரவாயில்லை. தன் நாக்கு என்றால் பழைய சீசா. என்ன ஒரு நாக்கு! அதில் கூச்சம் என்று ஒன்று முளைக்கவே இல்லை. அவர் பேசும்போது உதட்டோரம் நுரைத்த எச்சிலைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் வாத்தியாரிடம் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

“இன்னும் பதினாலு மாசம்மா. நீ போடலன்னா அந்த கிளார்க் போடத்தான் போறான். சரக்கு போகத்தான் போகுது. அந்த நாற்காலிக்கு யார் ஒக்காந்திருக்காங்கறது கணக்கே இல்ல. நீ எழுந்தா இன்னொருத்தர். பேர்தான் மாறும்.”

இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷன். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கில் ஒரு குறி தப்பினாலும் முழு மார்க்கையும் பிடுங்குகிறவர். அவர் வாயிலிருந்தும் நாக்கின் வார்த்தையே வந்தது, கொஞ்சம் படித்த தமிழில். லென்ஸக்காவுக்கு அவர் உட்கார்ந்திருந்த மேஜையில் கைவைக்கக்கூடக் கூசியது.

“ஏங்க, நேத்து ஒரு கட்டம் போட்டீங்களே. ரெண்டும் ஒண்ணுன்னீங்களே. எது வரைக்கும் ஒண்ணு?”

“எது வரைக்கும்னா?”

“இரட்டையும் பிளஸ்ஸும் எல்லாத்துலயும் ஒண்ணா?”

வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர், கணக்கில் மட்டுமாவது. “இல்ல. அந்தக் கட்டத்துல எழுதினது வரைக்கும்தான். அதுக்கு வெளிய ஒண்ணும் உத்தரவாதம் இல்ல.”

“எங்க ஆலைக் கட்டத்துல குடிக்கற பிள்ள வயிறுன்னு ஒரு கட்டமே போடலங்க. நானும் பத்தொம்பது வருஷமா அது இல்லங்கறதப் பாக்கல” என்றாள். அவள் அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை. சமையலில் பூண்டு போட்டிருந்தாள். அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பால் பவுடர் ஆலையிலிருந்து அந்த அம்மாள் வந்தாள். கொள்முதல் அதிகாரி. ஒல்லியான உடம்பு, கையில் ஒரு பெரிய பை, பேச்சு குறைவு. லென்ஸக்காவைக் கையெழுத்துப் போட வரச்சொல்லி ஆள் வந்தது. போனாள். மேஜைமேல் தாள் இருந்தது, பேனா இருந்தது, கிண்ணம் இருந்தது. அந்தக் கிண்ணத்தைக் காலையில் அவள்தான் கழுவி வைத்தாள். உள்ளே இரண்டே படிகம். கட்டைவிரல் நகம் அளவு, கண்ணாடி மாதிரி தெளிவு, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி.

நாக்கு வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். மூணு தண்ணியைச் சொன்னார். லென்ஸக்காவைக் காட்டி, “இவங்க கை படாம இங்கேர்ந்து ஒரு மூட்டை போகாது” என்றார். பிறகு கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஒரு படிகத்தை எடுத்தார்.

“நான் வாயில வைக்காத சரக்க நான்...”

“சார், ஒரு நிமிஷம்” என்றாள் லென்ஸக்கா. அவருடைய கையைத் தட்டிவிட முடிகிற தூரத்தில்தான் நின்றாள். அவ்வளவு வெறுப்பிலும் அவர் நாக்கில் அது பட்டுவிடக் கூடாது என்று உள்ளூர ஒரு பதைப்பு இருந்தது. “நீங்க சொன்ன பழைய சீசாலேர்ந்து ஒண்ணு போட்டேன். வெளிய நிக்கற மூட்டையிலேர்ந்து ஒண்ணு போட்டேன். ரெண்டும் உருண்டு கலந்துடுச்சு. கோணம் அளந்து பாத்தேன், ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு இப்ப எனக்கும் தெரியாது. நீங்க பாத்து எடுத்துக்குங்க.”

நாக்கு கையில் இருந்ததைப் பார்த்தார். கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தார். கையை வாய்வரை கொண்டுபோகவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. அவருடைய நாக்கு பாதி வெளியே வந்து, உதட்டை நனைத்து, உள்ளே போய்விட்டது. கழுத்தில் வேர்வை இறங்கியது. சிரிக்கப் பார்த்தார். “இந்தம்மாவுக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல...” என்றார். படிகம் மட்டும் விரல் நுனியில் அப்படியே நின்றது.

பவுடர்க்காரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள்.

“வாயில வைங்க சார்” என்றாள் கடைசியில், ரொம்ப சாதாரணமாக.

அவர் படிகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, விரலைப் பேன்ட்டில் துடைத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

“என்ன இருக்கு இதுல?” என்று அந்த அம்மாள் லென்ஸக்காவைக் கேட்டாள். லென்ஸக்கா சொன்னாள். அமிலம், கரி, பூண்டு, எதையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் பையை மூடினாள். “இந்த லோடு வேணாம்” என்று எழுந்தாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். லென்ஸக்கா நல்லவளாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

“ஒக்காருங்கம்மா” என்றாள் லென்ஸக்கா. “இதுக்கு முன்னாடி ஒங்களுக்கு ரெண்டு லோடு போச்சு. அதே அமிலம். நொர கட்டினத நான் பாத்தேன். கேட்டேன், அப்பறம் மென்னு முழுங்கிட்டேன். ரெண்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்க போயிருந்தாலும் நிறுத்துங்க. கடையில இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்க.”

நாக்கு ஏதோ கத்த ஆரம்பித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பவுடர்க்காரம்மா மறுபடி உட்கார்ந்து, பையைத் திறந்து, இந்த உப்பு ஆலையிலிருந்து வந்த சான்றிதழ்க் கட்டை வெளியே எடுத்தாள். பல வருஷத்துத் தாள்கள். தேதி பாராமல் மேஜைமேல் பரப்பினாள். ஒவ்வொன்றின் அடியிலும் அதே கையெழுத்து. கோடு தாண்டவில்லை, எங்கேயும் நடுங்கவில்லை.

“அந்த ரெண்டு எது?” என்று கேட்டாள்.

லென்ஸக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். தன் கைதான், தன் பெயர்தான், ஆனால் கையெழுத்தைப் பார்த்து அவளாலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தேதியைத் தேட ஆரம்பித்தாள்.